சிறகின் அடிப்பக்கம்

கோப்பாயிலிருந்து கைதடிக்குப் போகும் வீதி உப்பாற்றைக் கடக்கிற இடத்தில், ஒரு மார்கழிக் காலையில், என் கணவர் “வெள்ளை! முழு வெள்ளை!” என்று கத்தினார். சாதாரணமாகச் சத்தம் போடாத மனிதர். குருவி பார்க்கப் போன இடத்தில் தும்மல் வந்தால் சேட்டுக் கைக்குள் முகத்தைப் புதைத்துக்கொள்கிறவர். அன்று அவர் போட்ட சத்தத்தில், மதகுக்குப் பக்கத்தில் வலை அலசிக்கொண்டிருந்த ஒருவர் நிமிர்ந்து பார்த்தார்.

“பாத்தீரே? சிறகுக்குக் கீழை பாத்தீரே?”

நான் பைனாகுலரைக் கண்ணிலிருந்து எடுக்கவில்லை. பறவைக் கூட்டம் எழுந்து, ஒரு வளைவு வளைந்து, தூரத்துச் சேற்றுத் திட்டுக்குப் பின்னால் இறங்கிவிட்டது. எனக்கு நேரெதிரே வெயில். எழுந்தவை எல்லாம் கரித்துண்டுகளாகத்தான் தெரிந்தன.

“எனக்குச் சூரியன் நேரை நிண்டது,” என்றேன்.

அவர் அதைக் கேட்டதாகத் தெரியவில்லை. கைபேசியை எடுத்து யாரையோ அழைத்துக்கொண்டிருந்தார்.

பச்சைக்காலி என்றொரு கரைப்பறவை உண்டு. மாரி தொடங்குமுன்னே வடக்கேயிருந்து எங்கள் கடல்நீரேரிகளுக்கு வந்து, சித்திரை வெயில் ஏறத் திரும்பிப் போகும். நீண்ட கால், நுனியில் இலேசாக மேல்நோக்கி வளைந்த அலகு. பார்க்க விரும்புகிற எவருக்கும் கிடைக்கும் பறவை அது. அதற்கு உறவான இன்னொன்று இருக்கிறது, புள்ளிப் பச்சைக்காலி. உலகத்திலேயே கொஞ்சம்தான் மிஞ்சியிருக்கிறது. அது கிழக்காசியக் கரைகளோடு போய்வருவது. எங்கள் பக்கம் வந்தால் வழி தவறி வந்ததாகத்தான் இருக்கும். மாரிக்கால இறகில் இரண்டும் அக்கா தங்கை மாதிரி. புள்ளிப் பச்சைக்காலிக்குக் கால் சற்றுக் கட்டை, மஞ்சள் நிறம், அலகு தடிப்பு. ஆனால் சாதாரணப் பச்சைக்காலியிலும் ஒன்றிரண்டுக்குக் கால் மஞ்சளோடிப் போயிருக்கும். ஐயத்தைத் தீர்ப்பது சிறகின் அடிப்பக்கம். அரியதற்கு அது மாசில்லாத வெள்ளை. சாதாரணமானதற்கு அதில் மெல்லிய சாம்பல் கோடுகள் ஓடும். நிற்கிற பறவையில் அதைப் பார்க்க முடியாது. அது சிறகை விரிக்கும் ஒரு கணம் வேண்டும்.

அன்று எங்களுக்கு முன்னால் மேய்ந்த கூட்டத்தில் ஒன்றுக்குக் கால் மஞ்சள். அலகும் தடிப்பாகத்தான் பட்டது. இந்த இரண்டையும் நானும் பார்த்தேன். அவர் ஸ்கோப்பை, முக்காலியில் நிற்கும் தொலைநோக்கியை, தூக்கிக்கொண்டு மதகைத் தாண்டி அப்பால் போய் நின்றார். நான் ஸ்கூட்டிக்குப் பக்கத்திலேயே நின்றேன். அப்போதுதான் பருந்து ஒன்று தாழப் பறந்தது, கூட்டம் எழுந்தது, அவர் கத்தினார். எங்கள் கமரா அந்தக் கிழமை இன்னொருவரிடம் மன்னாரில் இருந்தது. கைபேசியை ஸ்கோப்பில் வைத்து அவர் முன்னமே எடுத்திருந்த படங்களில் மஞ்சள் காலுள்ள ஒரு மங்கல் உருவம் நின்றது, அவ்வளவுதான்.

என் கணவர் நல்லூரில் உயர்தர வகுப்புப் பிள்ளைகளுக்கு விலங்கியல் படிப்பிக்கிறார். நான் வைத்தியசாலைப் பரிசோதனைக்கூடத்தில் வேலை செய்கிறேன். பிள்ளைகள் இருவரும் படிக்க வெளியூர் போனபிறகு எங்கள் உரும்பிராய் வீட்டில் நாங்கள் இருவர்தான். சனி, ஞாயிறு விடியலில் குருவி பார்க்கப் போவோம். இரண்டுபேரும் ஒரே திசையைப் பார்த்தபடி மணிக்கணக்காகப் பேசாமல் நிற்பது எங்களுக்கு ஒத்துவந்த காரியம். அதில் ஒருநாள் சண்டை வரும் என்று நான் நினைத்ததேயில்லை.

அன்று எனக்குப் பின்னேர வேலை. வேலை முடிந்து கைபேசியைத் திறந்தபோது செய்தி என்னை முந்திப் போயிருந்தது. அவர் முகநூலில் எழுதியிருந்தார். அவருடைய மாணவர்கள் அதைப் பகிர்ந்திருந்தார்கள். யாழ்ப்பாணத்துச் செய்தித் தளம் ஒன்று, எங்கிருந்தோ எடுத்த வேறு பறவையின் படத்தைப் போட்டு, உலகின் அரிய பறவை யாழில் என்று தலைப்பிட்டிருந்தது. கீழே “ஆசிரியரும் அவரது மனைவியும் கண்டனர்” என்றிருந்தது. அந்த வரியை நான் பலமுறை வாசித்தேன்.

அரிய பறவைகளைக் கண்டதாகச் சொல்பவர்களின் பதிவுகளைச் சரிபார்க்க, கொழும்பில் சிலர் சேர்ந்து ஒரு குழு வைத்திருக்கிறார்கள். அவர்கள் ஏற்றால்தான் அது நாட்டின் பறவைப் பட்டியலுக்குள் போகும். அந்தக் குழுவின் செயலாளர் மறுநாளே அவரை அழைத்தார். மரியாதையான மனிதர். வாழ்த்துச் சொல்லிவிட்டு விபரம் கேட்டார். கடைசியில் ஒரு நிபந்தனையும் சொன்னார். கூட நின்ற மற்றவரும் தனியாக எழுதி அனுப்பவேண்டும். புத்தகம் பார்க்காமல், முடிவு வருமட்டும் முதலாமவரோடு கலந்து பேசாமல், தான் கண்டதை மட்டும் எழுதவேண்டும்.

“அதுக்கென்ன? என்ரை மனிசிதானே. எழுதுவா,” என்று என் கணவர் சிரித்தபடி சொன்னது எனக்கு அடுப்படியில் கேட்டது.

இரவுச் சாப்பாட்டுக்குப் புட்டு அவித்திருந்தேன். அவர் வந்து கதிரையை இழுத்துப் போட்டார்.

“நீர் கெதியா எழுதி அனுப்பிவிடும். கால், அலகு, பிறகு சிறகு. சிறகை வடிவா விளக்கி எழுதும். அதுதான் முக்கியம்.”

“சிறகை நான் பாக்கேல்லை.”

அவர் புட்டைப் பிசைந்துகொண்டிருந்த கை நின்றது.

“உம்மடை முன்னாலைதானே எழும்பினது.”

“எழும்பினதைப் பாத்தனான். அடியைப் பாக்கேல்லை. எனக்கு எல்லாம் கறுப்பாத்தான் தெரிஞ்சது.”

“நான் வெள்ளை எண்டு சத்தம் போட்டனான். அதுக்குப் பிறகும் உமக்குத் தெரியேல்லையோ?”

“நீங்கள் போட்ட சத்தம் எனக்குக் கேட்டது.”

அவர் புட்டுக் கோப்பையை அரைவாசியில் வைத்துவிட்டு எழுந்து போனார். அவர் சாப்பாட்டை மிச்சம் விடுகிறவரல்ல.

நான் அவரை நம்பவில்லையா என்று எனக்குள்ளேயே கேட்டுப்பார்த்தேன். நம்பினேன். அவர் வெள்ளை கண்டார் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் என்னிடம் கேட்கப்பட்டது அதுவல்ல. பரிசோதனைக்கூடத்தில் எத்தனையோ கண்ணாடித் தகடுகளைப் பார்த்தாயிற்று. வைத்தியர் இன்ன நோயாகத்தான் இருக்கும் என்று சொல்லி அனுப்பிய குருதியிலும், கிருமி கண்ணில் படாவிட்டால், காணவில்லை என்றுதான் எழுதுவோம். வைத்தியர் பிழை என்று அதற்கு அர்த்தமில்லை. இதை அவருக்குச் சொல்லலாம் என்று இரண்டு தடவை அவருடைய மேசைவரை போனேன். முதுகைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தேன்.

பிறகு வீட்டுக்கு வந்தவர், குருவி பார்க்கும் எங்கள் குழுவுக்கு முன்னின்று உழைக்கிற பொறியியலாளர். எங்கள் இருவருக்கும் மூத்தவர், நான் அண்ணை என்று கூப்பிடுகிறவர். கமராவைத் திருப்பித் தர வந்ததாகச் சொல்லிக்கொண்டு வந்தார். என் கணவர் வகுப்பில் இருந்த நேரம். வாசலில் நின்றபடியே கமராப் பையை நீட்டினார். உள்ளே வரச் சொன்னேன். தேத்தண்ணி வேண்டாம் என்றார்.

“தங்கச்சி, ஒரு வரிதானே. அவர் பிழையாப் பாக்கிற ஆளே? எத்தினை வருசமாப் பாக்கிறார்?”

“அவர் பாத்ததை அவர் எழுதியிருக்கிறார், அண்ணை.”

“அது காணாது எண்டுதானே உம்மட்டையும் கேக்கினம். யுத்த காலத்திலை நாங்கள் பைனாகுலர் கையிலை வைச்சிருந்தாலே பிடிச்சுக்கொண்டு போயிருப்பாங்கள். அது முடிஞ்சாப்பிறகு தெற்கிலயிருந்து கார் கட்டிக்கொண்டு வந்து, எங்கடை களப்பிலை எங்கடை குருவியளைப் பாத்து, தங்கடை பேரிலை பதிஞ்சுகொண்டு போச்சினம். இண்டைக்கு எங்கடை ஆள் ஒருத்தர் கண்டிருக்கிறார். உம்மாலைதான் இது நிக்கப்போகுது, இல்லாட்டி விழப்போகுது. யோசியும்.”

அவர் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. அதுதான் என்னைக் கலக்கியது. அவர் போனபிறகு கமராப் பையை மடியில் வைத்துக்கொண்டு கனநேரம் விறாந்தையில் இருந்தேன். ‘சிறகின் அடி வெளிறித் தெரிந்தது’ என்று ஒரு வரி. வெளிறி என்றால் வெள்ளையாகவும் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். எழுதிவிட்டால் வீட்டில் மூச்சுவிடலாம். மடிக்கணினியைத் திறந்து அந்த வரியை எழுதியும் விட்டேன். எழுதியபிறகு அந்தக் காலையை நினைத்துப் பார்த்தால், பறவையின் சிறகு எனக்கு உண்மையிலேயே வெளிறித் தெரிய ஆரம்பித்தது. பயந்துபோனேன். இன்னொரு நாள் விட்டால் நான் கண்டது எது, கேட்டது எது என்று எனக்கே தெரியாமல் போய்விடும். அந்த வரியை அழித்து, “வெயில் எதிரே இருந்ததால் சிறகின் அடிப்பக்கத்தை நான் பார்க்கவில்லை” என்று எழுதி, திரும்ப வாசிக்காமல் அனுப்பிவிட்டேன்.

அவர் வந்ததும் சொன்னேன். “அனுப்பிட்டன்.”

“என்ன எழுதினீர்?”

“முடிவு வருமட்டும் கதைக்க வேண்டாமெண்டு அவையள் சொன்னவை.”

“அப்ப விளங்குது,” என்றார்.

அதற்குப் பிறகு வீட்டின் முகம் மாறியது. கேட்டதற்குப் பதில் வரும்; கேட்காமல் ஒரு சொல் வராது. விடியலில் எழுந்து அவர் கிணற்றடிக்குப் போகும் சத்தம் கேட்கும், பிறகு படலை சாத்துகிற சத்தம். சனிக்கிழமைகளில் வகுப்பு வைக்கத் தொடங்கினார். ஸ்கோப் அலுமாரிக்கு மேலே ஏறியது. “சேர், குருவியைப் பதிஞ்சாச்சோ?” என்று பிள்ளைகள் ஒவ்வொரு நாளும் கேட்கிறார்கள் என்று, அவரிடம் படிக்கிற பக்கத்து வீட்டுப் பிள்ளை சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. செயலாளரிடமிருந்து, குழு இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறது என்று ஒரு மின்னஞ்சல் மட்டும் வந்தது.

தைப்பொங்கல் கழிந்த ஒரு சனிக்கிழமை, அவர் வகுப்புக்குப் போனதும் கதிரையில் ஏறி ஸ்கோப்பை இறக்கினேன். என்ன எதிர்பார்த்தேன் என்று கேட்டால், அந்தப் பறவையைத் திரும்பக் காணவேண்டும், அதன் சிறகு வெள்ளையாக இருக்கவேண்டும், அதை நான் என் கண்ணால் பார்த்து, வீட்டுக்கு ஓடிவந்து சொல்லவேண்டும் என்றுதான். வேறொன்றும் என் மனத்தில் இருக்கவில்லை.

உப்பாற்றில் தண்ணீர் வற்றியிருந்தது. இந்தமுறை வெயில் முதுகுக்குப் பின்னால் வரும்படி மதகைத் தாண்டி நெடுந்தூரம் நடந்து, கண்டல் பற்றையோடு ஒட்டி நின்றேன். பச்சைக்காலிக் கூட்டம் அதே திட்டில் இருந்தது. ஒவ்வொன்றாகக் காலைப் பார்த்துக்கொண்டு போனேன். பச்சை, பச்சை, சாம்பல், பச்சை. கடைசியில், கூட்டத்திலிருந்து கொஞ்சம் விலகி, மஞ்சள் கால். அலகு தடிப்பு. கமராவைத் தயார் செய்து, அது சிறகை விரிக்கும்வரை காத்து நின்றேன். அது தன் பாட்டில் சேற்றைக் குத்திக்கொண்டிருந்தது. ஒருமுறை ஒற்றைக் காலில் நின்றது. இறகைக் கோதியது. விரிக்கவில்லை.

பின்னால் மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. திரும்பிப் பார்த்தால் இரண்டு சிப்பாய்கள். தனியே ஒரு பெண், முக்காலியில் ஒரு குழாய், கையில் கமரா.

“அக்கா, என்ன பாக்குறது?” என்று ஒருவர் உடைந்த தமிழில் கேட்டார்.

“குருவி.”

“அந்தப் பக்கம் யார் இருக்கு?”

“ஒருத்தரும் இல்லை. குருவிதான்.”

அவர் இறங்கி வந்து ஸ்கோப்புக்குள் குனிந்தார். அவரைப் பற்றிய பயத்தைவிட, அந்தக் கணத்தில் பறவை எழுந்துவிடுமோ என்ற பயம்தான் பெரிதாக இருந்தது. அவர் கனநேரம் பார்த்தார். “லஸ்ஸனய்,” என்றார். சிங்களத்தில் அழகு என்று அர்த்தம். மற்றவருக்கும் கையைக் காட்டிக் கூப்பிட்டார். அவர் வேண்டாம், நேரமாகிறது என்பதுபோல மோட்டார் சைக்கிளை உதைத்தார். அந்த இரைச்சலில் கூட்டம் முழுவதும் எழும்பியது.

நான் கமராப் பொத்தானை அழுத்தியபடியே இருந்தேன். மஞ்சள் காலுள்ளதைக் கமராவுக்குள் விடாமல் பிடித்துக்கொண்டேன். அது என் பக்கமாகவே வளைந்து, வெயில் முழுவதும் அடியில் விழ, தலைக்கு மேலால் போனது. படத்தைப் பார்க்கத் தேவையே இருக்கவில்லை. கண்ணாலேயே தெரிந்தது. சிறகின் அடியில், கக்கத்திலிருந்து நுனிவரை, பென்சிலால் கீறியதுபோலச் சாம்பல் கோடுகள்.

சிப்பாய்கள் போய்விட்டார்கள். நான் முக்காலியைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றேன்.

வீட்டுக்கு வந்து அவர் வரும்வரை கமராவை மேசையில் வைத்துவிட்டு எதிரே இருந்தேன். அதே பறவைதானா? யாரால் சொல்ல முடியும்? அதே இடம், அதே திட்டு, அதே மஞ்சள் கால். காலை வெயில் பறவைக்குப் பின்னாலிருந்து ஊடுருவினால் கோடுள்ள சிறகும் வெள்ளையாகத் தெரியலாம். படங்களை அழித்துவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. ஆனால் எனக்குத் தெரியும்.

அவர் வந்து செருப்பைக் கழற்றும்போதே ஸ்கோப்பைக் கண்டுவிட்டார்.

“உப்பாத்துக்குப் போனனீரோ?”

“ஓம். மஞ்சள் கால் ஒண்டு நிண்டது. படம் எடுத்தனான். பாருங்கோ.”

அவர் வாங்கிப் பார்த்தார். பெரிதாக்கிப் பார்த்தார். அடுத்தது, அடுத்தது. திரும்பவும் முதலாவது.

“கொழும்புக்கு அனுப்பிட்டீரோ?”

“இல்லை. முதல் உங்களுக்குத்தான்.”

“இது அண்டைக்குப் பாத்த குருவியெண்டு எப்பிடிச் சொல்லுவீர்?”

“சொல்லேலாது.”

“அது இல்லையெண்டு நான் எப்பிடிச் சொல்லுறது?”

அவர் கமராவை மேசையில் மெதுவாக வைத்தார். அந்த நிதானமே எனக்குப் பயத்தைத் தந்தது. கோபித்திருந்தால் நன்றாயிருந்திருக்கும் என்று பட்டது.

மறுநாள் விடியலில் அவரே என்னை எழுப்பினார். “வாரும், போவம்,” என்றார். நான் நின்ற இடத்தைக் காட்டினேன். வெயில் ஏறும்வரை அங்கே நின்றோம். பச்சைக்காலிகள் இருந்தன. மஞ்சள் கால் இல்லை. பிறகு அவர் முக்காலியைத் தூக்கிக்கொண்டு, தான் அன்று நின்ற இடத்துக்குப் போனார். கூட்டம் எழும்பட்டும் என்று கையைத் தட்டினார். அவரோடு நின்று நானும் பார்த்தேன். எதிர்வெயிலில் சில சிறகுகள் கறுப்பாகவும், சில, திரும்பும்போது ஒரு நொடி, வெளிச்சமே ஆகிவிட்டதுபோல வெள்ளையாகவும் இருந்தன. எல்லாம் சாதாரணப் பச்சைக்காலிகள்.

அவர் ஸ்கோப்பிலிருந்து முகத்தை எடுக்காமலே சொன்னார். “நான் வெள்ளைதான் பாத்தனான். அது பொய்யில்லை.”

“தெரியும்.”

“வெயில் இப்பிடி ஏமாத்துமெண்டு நீர் முதலே சொல்லியிருக்கலாம்.”

“முதல் எனக்கும் தெரியாது. நீங்கள் அப்ப கேக்கிற நிலையிலயும் இல்லை.”

அவர் ஒருமுறை என்னைத் திரும்பிப் பார்த்தார். கண் சிவந்திருந்தது. வெயிலைப் பார்த்ததாலா என்று நான் கேட்கவில்லை.

அன்றே செயலாளருக்கு அவர் எழுதினார். என் படங்களை இணைத்து, “இது அதே இடத்தில் பிறகு எடுத்தது. நான் கண்டது வெள்ளைச் சிறகு என்றே இன்னும் நினைக்கிறேன். ஆனால் நான் கண்டது இந்தப் பறவை அல்ல என்று என்னால் சொல்ல முடியவில்லை” என்று எழுதி, அனுப்புமுன் என்னிடம் காட்டினார். நான் ஒரு சொல்லையும் மாற்றச் சொல்லவில்லை.

குழு பதிவை ஏற்கவில்லை. ஐயமற நிறுவப்படவில்லை என்று முடிவு வந்தது. அதை அவர் முகநூலில் தன் பெயரில் தானே போட்டார். செய்தித் தளம் அதைக் கண்டுகொள்ளவேயில்லை. மாணவன் ஒருவன் “சேர் கண்ணாடியை மாத்துங்கோ” என்று கீழே எழுதியிருந்தான். அவர் அதைச் சத்தமாக வாசித்தார். எனக்குச் சிரிப்பு வந்து அடக்கிக்கொண்டேன். அவர் என்னைப் பார்த்துவிட்டு, “சிரியும், சிரியும்,” என்றார். அடுத்த நாள் வகுப்பில் பாடம் எதையும் தொடங்காமல், எதிர்வெயிலில் பார்க்கும் கண் எப்படி ஏமாறும் என்று படம் கீறிச் சொன்னாராம். பக்கத்து வீட்டுப் பிள்ளை வந்து சொன்னாள்.

அண்ணைக்கு மட்டும் ஆறவில்லை. பங்குனியில் இணுவிலில் ஒரு கலியாண வீட்டில் சந்தித்தோம். பந்தியில் எனக்கு எதிரே இருந்தவர் என்னைப் பார்க்காமல் என் கணவரிடம் சொன்னார். “எங்களைக் கவிழ்க்க வீட்டுக்குள்ளையே ஒரு ஆள் காணும், வெளியாக்கள் தேவையில்லை.”

நான் இலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“அண்ணை,” என்றார் என் கணவர், பக்கத்து வரிசைக்கும் கேட்கும்படி, “அவ ஓமெண்டு எழுதியிருந்தா பதிவு நிண்டிருக்கும். பிறகு ஒருநாள் அவ எடுத்த படத்தை நான் பாத்திருப்பன். அதுக்குப் பிறகு நான் எந்த முகத்தோடை குருவி பாக்கிறது?”

அண்ணை அப்பளத்தை நொறுக்கினார். கொஞ்ச நேரம் கழித்து, பாயசம் பரிமாறியவரிடம், “தங்கச்சிக்குப் போடும்,” என்று என் பக்கம் கையைக் காட்டினார். அதைச் சமாதானம் என்று எடுப்பதா, விருந்து வீட்டு வழக்கம் என்று எடுப்பதா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. இரண்டு தரம் வாங்கிக் குடித்தேன்.

வெளியே வந்து மோட்டார் சைக்கிளை எடுக்கும்போது அவர் வானத்தைப் பார்த்தார். “நாளைக்கு மண்டைதீவுப் பக்கம் போவமே? ஆலாக் குருவியள் வந்திட்டுதாம்.”

“போவம்,” என்றேன். “ஆனால் நீங்கள் கண்டதை முதல் வாய்விட்டுச் சொல்லக்கூடாது. நான் பாத்து முடியட்டும்.”

“சரியம்மா, சரி,” என்று சொல்லிக்கொண்டு அவர் உதைத்தார். சேலைத் தலைப்பைச் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டு பின்னால் ஏறி இருந்தேன்.